மாதவுக்கு முட்டை ஆகாது

பொய் சொல்வதென்று ஆகிவிட்டால் அதை அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்பது ஜலஜாவின் கட்சி. அதனால்தான் டே கேர் படிவத்தில் ‘அலர்ஜி’ என்ற கட்டத்தில் ‘முட்டை’ என்று எழுதியதோடு நிறுத்தாமல், பக்கத்தில் ‘கடுமையானது’ என்றும் எழுதினாள். கீழே காலியாக இருந்த இரண்டு கோடுகளையும் விடவில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு வாய் கேக் தின்றதும் முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது என்று விவரம் கொடுத்தாள். அதெல்லாம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு பத்திரிகையில் படித்தது. அவள் பிள்ளை மாதவ் அதுவரை கேக்கின் பக்கத்தில்கூடப் போனதில்லை.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் கொடுத்த படிவத்தில் அவள் உண்மையைத்தான் எழுதியிருந்தாள்: வெஜிடேரியன். மூன்றாம் நாளே பிள்ளையின் சட்டையில் சிக்கன் சூப் வாசனை அடித்தது. கேட்டதற்கு அங்கே இருந்த பெண், இறைச்சித் துண்டையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரைத்தான் கொடுத்தேன் என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் ஜலஜா சிநேகிதி ஸ்வர்ணாவுக்கு ஃபோன் செய்து அழாத குறையாகப் புலம்பினாள்.

“வெஜிடேரியன்னு எழுதினா இவாளுக்கு அது ஏதோ டயட்டுன்னு நெனப்பு. அலர்ஜின்னு எழுது. அப்பறம் பாரு, கிட்டக்கக்கூடக் கொண்டு வர மாட்டா” என்றாள் ஸ்வர்ணா.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் இருந்த தமிழ்க் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மாடு அலர்ஜி, மீதிப் பேருக்குக் கோழி அலர்ஜி என்பது ஜலஜாவுக்கு அன்றுதான் தெரிந்தது. இறைச்சியாவது கண்ணுக்குத் தெரியும், முட்டை எதில் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்? எனவே அவள் முட்டையைத் தேர்ந்தெடுத்தாள்.

பொய் வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் டாக்டர் கெல்லர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒரு நகலை மாதவின் ஃபைலில் வைத்து, ஃபைலின் மேல் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினார். டே கேரிலோ, இவ்வளவு ஆபத்தான பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஜலஜாவுக்குக் காலேஜில் கம்ப்யூட்டர் வகுப்பு, வாரத்தில் மூன்று நாள். கடைசியில் மாடி வீட்டு சாரதாவிடம் பிள்ளையை விட்டாள். சாரதா கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கணவர் நஞ்சப்பனுக்கு சான் ஹோசேயில் வேலை, நாலு வயதில் ஓவியா என்று ஒரு மகள். சாரதாவிடமும் ஜலஜா அதே பொய்யைத்தான் சொன்னாள். அவனுக்கு முட்டை ஆகாது, பட்டாலே போச்சு, உயிருக்கே ஆபத்து.

பதினைந்தாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது பொய் முதல் தடவையாகத் திருப்பி அடித்தது. தட்டம்மை ஊசி மருந்தைக் கோழிக்கருவின் செல்களில் வளர்க்கிறார்கள், முட்டைக்குக் கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அப்படியே போட முடியாது, அலர்ஜி நிபுணர் பார்த்த பிறகுதான் என்று சொல்லி டாக்டர் கெல்லர் ஜூன் மாதத்தில் தேதி வாங்கிக் கொடுத்தார். ஜலஜா வாயைத் திறக்கப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சிவராமகிருஷ்ணன் செருப்புக் காலால் அவள் காலை மிதித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஜூன்தானே, ரெண்டு மாசம்தானே என்று இருவரும் மாறி மாறிச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அது 1990ஆம் வருடம். கலிஃபோர்னியாவில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. டிவியில் அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஜலஜா சேனலை மாற்றினாள்.

தமிழ்ப் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளாகத்தின் பொதுக்கூடத்தில் பாட்லக் வைத்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள். ஸ்வர்ணாவின் ஆறு வயது மகன் மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜலதோஷத்தோடு இருந்தவன், மாதவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்வர்ணாவின் ஃபோன் வந்தது.

“ஜலஜா, அவனுக்கு மூஞ்சியெல்லாம் செவப்பா பொரிஞ்சிருக்கு. டாக்டர் தட்டம்மைங்கறார். அங்க வந்த கொழந்தேளுக்கெல்லாம் ஊசி போட்டிருக்கான்னு கேக்கச் சொன்னார். போடாதவாளுக்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுட்டா தப்பிச்சுக்கலாமாம். மாதவுக்குப் போட்டாச்சோன்னோ?”

ஜலஜா ஞாயிறு ஒரு மணியிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். புதன்கிழமை மதியம் ஒரு மணி.

அவளுடைய அண்ணா பிச்சுமணிக்கு ஏழு வயதில் தட்டம்மை வந்து ஒரு காது போய்விட்டது. இன்றைக்கும் அவனிடம் பேச வேண்டும் என்றால் வலது பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். அம்மை என்றால் வந்து போகிற விருந்தாளி என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், ஜலஜா நினைக்கவில்லை.

“நாளைக்குக் காலம்பற கிளினிக் தெறந்தவுடனே போறேன். போய் உண்மையைச் சொல்லப் போறேன்” என்றாள்.

“இரு, அவசரப்படாதே” என்றான் சிவராமகிருஷ்ணன். “நம்ம கிரீன் கார்டு அப்ளிகேஷன் பெண்டிங்ல இருக்கு. டாக்டர் ஃபைல்ல நாம பொய் எழுதினோம்னு ஏறிடுத்துன்னா? கவுண்டி சர்க்கார் நடத்தற ஃப்ரீ கிளினிக் ஒண்ணு இருக்கு. அங்க போய் அலர்ஜி ஒண்ணும் இல்லைன்னு டிக் பண்ணிட்டுப் போட்டுண்டு வந்துடலாம்.”

“இன்னொரு படிவமா? எழுதின ஒண்ணே போறும்” என்றாள் ஜலஜா.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றாள். அப்பாயிண்ட்மெண்ட் கிடையாது. வரவேற்பில் இருந்த பெண், வியாழக்கிழமை இடம் இருக்கிறது என்றாள். டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று ஜலஜா சொன்ன விதத்தில் அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் கெல்லர் ஐம்பது வயதுப் பெண்மணி. வளவளவென்று பேசமாட்டார். தட்டம்மைப் பிள்ளையின் மடியில் மாதவ் இருந்தான் என்றதும் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஜலஜா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவனுக்கு அலர்ஜி எதுவும் இல்லை, நாங்கள் முட்டை சாப்பிடமாட்டோம், அவ்வளவுதான், நான் பொய் எழுதினேன், ஊசியைப் போடுங்கள்.

டாக்டர் ஃபைலைத் திறந்து படித்தார். “ஒன்பதாம் மாதம், கேக், முக வீக்கம், மூச்சிழுப்பு. இதெல்லாம் நடக்கவில்லையா?”

“நடக்கவில்லை.”

“நீங்களாகக் கற்பனை செய்தீர்களா?”

“ஆமாம்.”

“சரி. அவன் இதுவரை முட்டை சாப்பிட்டிருக்கிறானா?”

“ஒருநாளும் இல்லை” என்றாள் ஜலஜா. கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டாள்.

“பிறகு அவனுக்கு அலர்ஜி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்வி ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. தான் கட்டிவிட்ட கதை தன்னை அறியாமலே உண்மையாக இருக்கலாம் என்று எந்த அம்மாவுக்குத்தான் தோன்றும்?

டாக்டர் மாதவின் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை மடிப்பில் செதில் செதிலாகச் சிவந்திருந்தது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு எக்ஸிமா உண்டு. இப்படித் தோல் உள்ள பிள்ளைகளில் பல பேருக்கு முட்டை ஆகாது என்றார் டாக்டர். “நேற்று வரை ஒன்று சொன்னீர்கள், இன்று வேறு சொல்கிறீர்கள். தட்டம்மைக்குப் பயந்து வேறு பெற்றோரும் இப்படி மாற்றிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எதை நம்பி ஊசியை எடுப்பேன்?”

“அலர்ஜி இருந்தால் ஊசி அவன் உடம்பில் பிடிக்காதா?” என்று கேட்டாள் ஜலஜா.

“நன்றாகவே பிடிக்கும். அலர்ஜி உள்ள உடம்பும் மற்ற உடம்பைப் போலவேதான் தட்டம்மையை அடையாளம் தெரிந்துகொள்ளும். எனக்கு அந்தப் பயம் இல்லை. முதல் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பயம். மருந்தில் முட்டையின் துளி இருந்து, அதை எதிரி என்று உடம்பு முடிவு கட்டினால் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும்.”

ஊசி மருந்தில் தண்ணீர் கலந்து தோலில் கீறிப் பார்க்கலாம், தடித்தால் அலர்ஜி, தடிக்காவிட்டால் இல்லை என்றும் டாக்டரே சொன்னார். ஆனால் எக்ஸிமா அரிப்புக்காக மாதவ் தினமும் ஒரு சிரப் குடித்துக்கொண்டிருந்தான். அந்த சிரப் உள்ளே இருக்கும்வரை தோல் எதற்கும் தடிக்காது, சோதனை பொய் சொல்லும். சோதிக்காமலே துளித்துளியாக மருந்தை ஏற்றிப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஆகும், நிபுணர் வியாழக்கிழமைதான் வருவார். வேறு வழி, யாரோ ஒருவர் உடம்பில் உற்பத்தியான எதிர்ப்புச் சக்தியை எடுத்து ஊசியாகப் போடலாம். அதற்கு ஆறு நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது இரவல். சில வாரத்தில் அதன் பலம் போய்விடும். ஆனால் அதன் மிச்சம் உடம்பில் தங்கும் மாதங்களில் உண்மையான தடுப்பூசி போட்டால் பிடிக்காது. கோடை முழுவதும் ஊரில் தட்டம்மை இருக்க, பிள்ளை வெறும் உடம்போடு நிற்பான்.

“அவன் முட்டை தின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது உண்டா? ஒரு தடவை போதாது, பல தடவை. அம்மா அப்பாவாக இல்லாமல் வேறு யாராவது” என்றார் டாக்டர். “யோசித்துப் பாருங்கள். நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது.”

காரில் சிவராமகிருஷ்ணன் மறுபடியும் கவுண்டி கிளினிக் என்று ஆரம்பித்தான். ஜலஜா மறுப்பாகத் தலையை ஆட்டினாள். “இனிமே அங்கயும் போக முடியாது. அவனுக்கு நெஜமாவே இருந்துதுன்னா? எனக்கே தெரியலையே. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

முட்டை எந்த வீட்டில் இருக்கிறது? யோசிக்கவே வேண்டாம். பதினோரு மணிக்கு அவள் மாடிப்படி ஏறினாள்.

சாரதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவி முன்னால் ஓவியா. சாரதா வீட்டில் பேசும்போது ஜலஜா எப்போதும் தன் வீட்டுப் பேச்சை விட்டு, ‘ஆத்துல’ என்பதை ‘வீட்டுல’ என்றும் ‘வரேள்’ என்பதை ‘வரீங்க’ என்றும் மாற்றித்தான் பேசுவாள். அன்றும் அப்படியே ஆரம்பித்தாள். தட்டம்மை விஷயத்தைச் சொன்னாள். சாரதா பதறிப்போய் மாதவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சாரதா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவன் எப்பவாவது இங்க முட்டை சாப்பிட்டிருக்கானா?”

சாரதாவின் கை நின்றது. “என்னக்கா இப்புடிக் கேக்கறீங்க? கண்ணுல கூடக் காட்டினதில்லைங்க. நீங்க அத்தன சொல்லியிருக்கறப்ப நான் குடுப்பனுங்களா?”

“சாப்பிட்டிருந்தா நல்லதுக்குத்தான். டாக்டர் கேக்கறாங்க.”

“இல்லீங்க.”

டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே ஓவியா சொன்னாள். “ஹி ஏட் மை ஆம்லெட், அம்மா.”

“ஓவியா, உள்ள போ” என்றாள் சாரதா. குரல் உயரவில்லை, ஆனால் பெண் உடனே எழுந்து போய்விட்டது. “சின்னப் புள்ளைங்க. என்னமோ ஒளறுது.”

அவள் முகம் வெளுத்துப் போயிருந்ததை ஜலஜா பார்த்தாள். சாப்பிட்டிருக்கிறான். இவள் சொல்ல மாட்டாள். எப்படிச் சொல்வாள்? பட்டாலே செத்துப்போவான் என்று சொல்லி விட்ட பிள்ளை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, பழியைத் தன் தலையில் கட்ட வந்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பாள். பூட்டைப் போட்டது ஜலஜா. அதை அவள்தான் திறக்க வேண்டும்.

“அவனுக்கு அலர்ஜி கிடையாது, சாரதா. நான் பொய் சொன்னேன்.”

சாரதா புரியாமல் பார்த்தாள். ஜலஜா டே கேர் கதையைச் சொன்னாள். சூப், படிவம், ஸ்வர்ணா சொன்ன யோசனை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே இது சப்பைக்கட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. சாரதாவுக்கும் தெரிந்துவிட்டது.

“அது அந்த டே கேர்க்காரிக்குங்க. அவளுக்கு நம்ம பழக்கம் தெரியாது. எனக்கெதுக்குங்க்கா? நீங்க சாப்புடறதில்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒரு வார்த்தை சொன்னா நான் குடுக்கப் போறனுங்களா?”

ஜலஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கே நிறுத்தினால் எதுவும் நடக்காது. சொல்ல ஆரம்பித்தபோது பேச்சு அவளையும் மீறி வீட்டுப் பேச்சாக மாறியிருந்தது.

“வேண்டாம்னு மட்டும் சொன்னா அவனுக்குத் தராம இருப்பேள். ஆனா அதே தோசைக்கல்லு, அதே கரண்டி, அதே கை. அதையெல்லாம் அலம்பிட்டுக் குடுங்கோன்னு உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அலர்ஜின்னு சொன்னா நீங்களே பயந்துண்டு எல்லாத்தையும் தேச்சு அலம்பிடுவேளே. அதுக்காகச் சொன்னேன்.”

சாரதா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அலம்பினேனுங்க” என்றாள். “ஆறு மாசமா அலம்பினேன். அவன் வர்ற நாள்ல இந்த வீட்டுல முட்டையே ஒடைக்கறதில்லை. ஓவியா சோப்புப் போட்டுக் கை கழுவாம அவனைத் தொட்டதில்லை. மார்ச்சுல ஒருநாள் இவுங்க காய்ச்சல்னு வீட்டுல இருந்தாங்க. எனக்குத் தெரியாம ஓவியாவுக்கு ஆம்லெட் போட்டுக் குடுத்துட்டாங்க. நான் குளிச்சுட்டு வர்றேன், இவன் பாதியத் தின்னு முடிச்சுட்டு வாயைத் தொடச்சுட்டு இருக்கறான். அப்ப மணி ஒண்ணேகால். நான் ஃபோனை மடியில வெச்சுட்டு இவனை முன்னால உக்கார வெச்சுட்டுப் பாத்துட்டே இருந்தேனுங்க. ஒதடு வீங்குதா, மூச்சு வாங்குதான்னு. நீங்க வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கலை. அப்பறம் ஒரு மாசம் உங்க வீட்டுக் கதவு தொறக்கற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.”

“அவனுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகலைங்க. அன்னிக்கு சாயங்காலம்தான் ஒவ்வொரு டப்பாவா எடுத்துப் படிச்சேன். ஓவியா திங்கற, ஃப்ரீசர்ல வெச்சிருக்கற வேஃபிள் ரொட்டியில முட்டை போட்டிருக்குதாம். ஜனவரியில இருந்து அவளோட சேர்ந்து அதை இவனும் தின்னுட்டு இருந்தான். நானே பிச்சுப் பிச்சுக் குடுத்திருக்கறேன்.”

தன் பிள்ளை மாதக்கணக்கில் முட்டை தின்றிருக்கிறான் என்று கேட்டு இவ்வளவு நிம்மதி அடைந்த அம்மா ஜலஜாவின் குலத்தில் வேறு ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

“இதை டாக்டர்கிட்ட வந்து சொல்லணும், சாரதா.”

சாரதாவின் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்த்துக்கொள்வதும் வேலைதான். “டாக்டர் என் பேரை எழுதுவாங்களா?”

“எழுதுவா. பக்கத்து வீட்டு சிநேகிதி, சும்மா பாத்துக்கறான்னு நான் சொல்லிடறேன்.”

“மறுபடியும் பொய்யிங்களா?”

ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லை. பேரை எழுதுவா. வேற ஏதாவது கேப்பாளா, எழுதுவாளான்னு எனக்குத் தெரியாது. அதுதான் நெஜம்.”

“இவுங்க வரட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்” என்று சாரதா மறுபடியும் பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நஞ்சப்பன் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மாடியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஜலஜா இரண்டு தடவை படி வரை போய்த் திரும்பினாள். கெஞ்சுவதற்கு அவள் தயார்தான். கெஞ்சும் உரிமை இல்லையென்று தோன்றியதால் போகவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் காரில் பிள்ளைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது சாரதா ஓவியாவைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

“நஞ்சப்பன் அண்ணா என்ன சொன்னார்?”

“வேண்டாம்னாங்க” என்று சொல்லிவிட்டு சாரதா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சிவராமகிருஷ்ணன் வண்டியை எடுத்தான்.

டாக்டர் கெல்லர் ஜலஜாவைப் பேச விடவில்லை. நாற்காலியை சாரதாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார். சாரதாவின் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனால் சொன்னதில் தடுமாற்றமே இல்லை. வேஃபிள் ஒரு வாரத்துக்கு எத்தனை? மூன்று. எத்தனை வாரம்? பத்து. ஆம்லெட் எவ்வளவு? உள்ளங்கையில் பாதி. எத்தனை மணிக்கு? ஒன்றே கால். எதுவரை கவனித்தாள்? நான்கு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அன்று சிரப் குடித்திருந்தானா? இல்லை, சிரப் இந்த மாதம்தான் ஆரம்பித்தது.

“நர்ஸுகள்கூட இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. ஏன் இவ்வளவு கவனமாகப் பார்த்தீர்கள்?” என்றார் டாக்டர்.

சாரதா ஜலஜாவைப் பார்க்கவில்லை. “அவன் செத்துப்போகலாம் என்று இவர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.”

டாக்டர் கெல்லர் ஜலஜாவை ஒரு பார்வை பார்த்தார். ஃபைலில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டார். சாரதாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு ஊசி போட்டார்கள். மாதவ் வீல் என்று கத்தினான். ஜலஜா அவன் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஏதாவது ஆனால் போடுவதற்கான மருந்தை நர்ஸ் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சிவராமகிருஷ்ணன் ஓவியாவுக்கு மீன் தொட்டியைக் காட்டப் போனான். இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாதவ் விசும்பிக்கொண்டே சாரதாவின் மடிக்குத் தாவிப் போய்விட்டான். அது அவன் தூங்கிப் பழகிய இடம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சாரதா அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள், கையை எடுக்காமலே. “உங்க வீட்டுக்கு வந்தா எனக்குக் காப்பி குடுப்பீங்களே. அந்த டம்ளரைத் தனியா வெச்சிருக்கறீங்களா?”

இல்லை என்று சொல்வது எவ்வளவு எளிது என்பது ஜலஜாவுக்குத் தெரியும். சாரதா நம்பியும் விடுவாள். நம்ப வேண்டும் என்றுதான் கேட்கிறாளோ என்னவோ.

“ஆமாம்” என்றாள் ஜலஜா. “தனியாத்தான் வெச்சிருக்கேன்.”

சாரதா கொஞ்ச நேரம் மாதவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். “கேக்காமயே இருந்திருக்கலாம்” என்றாள்.

ஜலஜாவுக்கு அழுகை வந்தது. அழுதால் சாரதா சமாதானம் சொல்ல வேண்டி வரும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

பத்தே காலுக்கு நர்ஸ் வந்து மாதவின் முதுகையும் வயிற்றையும் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள். எங்கும் தடிப்பு இல்லை. போகலாம் என்றாள். சாரதா பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டு எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் நகரவில்லை.

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு கிளாஸ் இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“அப்ப இவனைக் கொண்டாந்து விடுங்க. ஆனா என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடுங்க. நெசத்தை மட்டும் சொல்லுங்க.”

ஜலஜா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “முட்டை குடுக்க வேண்டாம். வேஃபிள்கூட வேண்டாம். கறி, மீன் வேண்டாம். அவனுக்கு ஒண்ணும் பண்ணாது. நாங்க சாப்பிடறதில்லை, அதனால வேண்டாம். பாத்திரத்தை எப்பவும் போல அலம்பினாப் போறும். வேற எதுவானாலும் உங்க கையால குடுங்கோ.”

சாரதா தலையை ஆட்டினாள்.

“இதைச் சொல்ல ஒரு நிமிசங்கூட ஆகலையேங்க்கா” என்றாள்.

சாரதா பிள்ளையை ஜலஜாவிடம் கொடுத்துவிட்டு ஓவியாவைக் கூப்பிடப் போனாள்.